கறுத்த மேனிக்குப் பவள வாய்: பீச், கோரல் கலரும் விழுப்புரம் சீமையும்

அமெரிக்காவில் பான்டோன் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. துணி, பெயின்ட், பிரிண்டிங் என்று நிறம் சம்பந்தப்பட்ட எல்லாத் தொழிலுக்கும் நிற எண் கொடுப்பது அதன் வேலை. "அடுத்த வருஷத்தின் நிறம் இதுதான்" என்று வருஷம் தவறாமல் ஒரு அறிவிப்பும் விடும். 2000-ல் ஆரம்பித்த பழக்கம். 2019-க்கு 'லிவிங் கோரல்' என்றார்கள். 2024-க்கு 'பீச் ஃபஸ்' என்றார்கள். உடனே லிப்ஸ்டிக், ரூஜ், நகப்பூச்சு எல்லாம் அந்தக் கலரில் வந்து குவிந்துவிட்டன. "இந்த வசந்த காலத்துக்குப் பீச்சும் கோரலும்தான்" என்று ஃபேஷன் பக்கங்களில் வருவது ஒன்றும் புதிதல்ல, பல வருஷமாக ஓடும் பாட்டுதான். கேள்வி என்னவென்றால், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கிற பெண்களுக்கு இதில் இடம் உண்டா?

"நம்ம கலருக்கு அதெல்லாம் எடுபடாது, மெரூன் எடு" என்பதுதான் ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் வழக்கமான பதில். அம்மாக்களும் அதையே சொல்வார்கள், அத்தைகளும் அதையே சொல்வார்கள். அது சரியா என்று பார்க்கப் போனால் விஷயம் இரண்டாயிரம் வருஷம் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், போரடிக்காது :-)

முதலில் பெயர். 'பீச்' என்பது பழம். பிறந்த ஊர் சீனா. தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல் பக்கம் விளைகிறது. சமவெளி ஆட்களுக்கு அது அவ்வளவு பழக்கமான பழம் இல்லை. ஜவுளிக்கடையில் 'பீச் கலர்' என்று கேட்டால் பாண்டிச்சேரி பீச் ஞாபகம் வந்தாலும் ஆச்சரியமில்லை. அதற்காக அந்த நிறமே தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. ஆரஞ்சும் இல்லாமல் ரோஸும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த நிறத்துக்குத் தமிழில் அழகான பெயர் உண்டு. கனகாம்பரக் கலர்! பட்டுப்புடவை எடுக்கப்போன எந்தப் பாட்டிக்கும் தெரிந்த கலர். கனகாம்பரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தச் செடி. சாதாரணக் கனகாம்பரம் கொஞ்சம் வெளிறிய ஆரஞ்சு, கிட்டத்தட்டப் பீச். டெல்லி கனகாம்பரம் என்று விற்பது அதைவிட அழுத்தம், அது கோரல் பக்கம். மணம் கிடையாது. நிறத்துக்காக மட்டுமே தலையில் வைக்கிற பூ அது. எந்தத் தலையில்? எண்ணெய் தடவி வாரிய கருகரு கூந்தலில். கறுப்புக்கு மேல் பீச் எடுபடாது என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

'கோரல்' என்றால் பவளம். இதற்குப் பெயர் தேட வேண்டிய அவசியமே இல்லை, நவரத்தினத்தில் ஒன்று. ஆனால் நகைக்கு ஆகிற அந்தச் செம்பவளம் தமிழ்நாட்டுக் கடலில் கிடைப்பதில்லை. மன்னார் வளைகுடாவில் முத்து உண்டு, பவளப்பாறையும் உண்டு. மாலை கோக்கிற சிவப்புப் பவளம் மட்டும் மத்தியதரைக் கடலிலிருந்து வரவேண்டும். வந்தது!

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வியாபாரம் செய்த ஒரு கிரேக்க மாலுமி எழுதிவைத்த குறிப்புதான் 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளஸ்'. எழுதியவர் பெயர் தெரியாது. எந்தத் துறைமுகத்தில் என்ன விற்கும், என்ன வாங்கலாம் என்று கணக்குப்பிள்ளை மாதிரி எழுதியிருக்கிறார். காமர்ஸ் படிப்பவர்கள் அவசியம் பார்க்கவேண்டிய புத்தகம். சேர நாட்டு முசிறிக்குப் பக்கத்தில் என்னென்ன இறக்குமதி ஆனது என்று அவர் தரும் பட்டியலில் காசு, துணி, கண்ணாடி, செம்பு, தகரம், ஈயம், ஒயின் எல்லாம் உண்டு. அதே பட்டியலில் இன்னும் நான்கு சரக்கு இருக்கிறது. பவளம், கண்ணுக்குத் தீட்டும் அஞ்சனக்கல், மனோசிலை, அரிதாரம். மனோசிலை ஆரஞ்சு கலந்த சிவப்புக் கல். அரிதாரம் மஞ்சள் கல். மொத்தத்தில் கண்ணுக்கு மை, கழுத்துக்குப் பவளம், கூடவே இரண்டு வண்ணக் கற்கள். ஒரு ஃபேன்சி ஸ்டோருக்கு இன்டென்ட் போட்ட மாதிரியே இருக்கிறது!

முசிறி மேற்குக் கரை, விழுப்புரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அதே நூல் கிழக்குக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைமுகங்களைச் சொல்கிறது. எகிப்திலிருந்து வரும் சரக்கில் பெரும்பகுதி இங்கேயும் வந்து சேர்கிறது என்றும் சொல்கிறது. பொதுகே என்பது பாண்டிச்சேரியை ஒட்டிய அரிக்கமேடு என்றும், சோபட்மா என்பது மரக்காணம் என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மட்பாண்டங்கள் கிடைத்தது பள்ளிப் பாடத்திலேயே வரும். மரக்காணம் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம்.

அப்போது திண்டிவனம் எப்படி இருந்தது? ஊர்ப் பெயருக்குத் திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்று அர்த்தம் சொல்வார்கள். அந்த ஊருக்குள்ளேயே கிடங்கல் என்று ஒரு பகுதி இருக்கிறது. இன்று பார்த்தால் சாதாரணத் தெருக்கள். சங்க காலத்தில் அதுதான் ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனின் ஊர். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் இவன்தான். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்தப் பாட்டில் வருகிற எயிற்பட்டினத்தைத்தான் மரக்காணம் என்கிறார்கள். கிடங்கல் ராஜாவின் துறைமுகத்துக்கு மத்தியதரைக் கடல் சரக்கு வந்து இறங்கியிருக்கும் என்றால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

பவளத்துக்கு இங்கே இருந்த கிராக்கி எப்படிப்பட்டது என்பதற்கு ரோமாபுரி சாட்சியே உண்டு. கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன பிளினி, தன்னுடைய 'இயற்கை வரலாறு' நூலில் ஒரு தகவல் தருகிறார். ரோமானியப் பெண்களுக்கு இந்திய முத்து எவ்வளவு உசத்தியோ, இந்தியர்களுக்குப் பவளம் அவ்வளவு உசத்தி. அவர்கள் வாங்கிக் குவித்ததில் பவளம் விளைகிற இடத்திலேயே பவளம் அபூர்வமாகிவிட்டது. அதே பிளினிதான் வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று புலம்பியவர். இரண்டு பக்கமும் அடுத்தவன் கடலில் கிடைப்பதற்குத்தான் ஆசைப்பட்டிருக்கிறார்கள். டிமாண்ட் அண்ட் சப்ளைக்கு இதைவிட நல்ல உதாரணம் பாடப்புத்தகத்தில் கூட இல்லை.

இந்த வியாபாரம் அத்தோடு நிற்கவில்லை. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் லண்டனிலிருந்தும் இத்தாலியின் லிவோர்னோவிலிருந்தும் யூத வணிகர்கள் மதராசுக்குப் பவளம் அனுப்பினார்கள், பதிலுக்குக் கோல்கொண்டா வைரம் வாங்கிப்போனார்கள். சென்னை மண்ணடியில் பவளக்காரத் தெரு என்ற பெயர் இன்னும் இருக்கிறது. பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள், காரணம் தெரிந்திருக்காது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். இவ்வளவு ஆசையாக வாங்கிய பவளத்தை இங்கே யார் மேனிக்குப் பொருத்திப் பார்த்தார்கள்? குறுந்தொகையின் கடவுள் வாழ்த்தில் முருகனின் மேனியே பவளம் போன்றது. சரி, அவன் செவ்வேள், சிவந்தவன். விட்டுவிடலாம். தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில் திருவரங்கத்துப் பெருமாளைப் பாடும்போது மேனிக்குப் பச்சை மலையையும் வாய்க்குப் பவளத்தையும் உவமை சொல்கிறார். கறுத்த மேனி, பவள உதடு. இது ஏதோ ஒரு கவிஞரின் தனிப்பட்ட ரசனை அல்ல. மாயோன் கறுப்பு என்பதும் அவன் வாய் பவளம் என்பதும் தமிழில் திரும்பத் திரும்ப வருகிற ஜோடி. கறுப்பு மேனியில்தான் பவளம் பளிச்சென்று தெரியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நிறத்தைப் பார்க்கத் தெரிந்த கண் அது.

அப்படி இருந்த ரசனை "நம்ம கலருக்கு எடுபடாது" என்று எப்போது மாறியது?

ஆழ்வார் காலத்திலிருந்து நேராக ஃபேன்சி ஸ்டோருக்குத் தாவ முடியாது. நடுவில் தெருக்கூத்து இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் முகத்தில் வண்ணம் பூசுவது பற்றி எழுதிவிட்டுக் கூத்தை விட்டால் ஊர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலைத்தான் மூலக்கோயில் என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபெய்டெல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988-ல் வெளியிட்ட பெரிய நூலின் மையமே செஞ்சிதான். பாரதம் படித்து, கூத்தாடி, தீமிதித்து முடிகிற இந்தத் திருவிழாக்கள் வெயில் காலத்தில்தான் களை கட்டும்.

கூத்தில் வேஷம் கட்டுகிறவர் கையில் சின்னக் கண்ணாடியை வைத்துக்கொண்டு தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்வார். வண்ணப்பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசுவது வழக்கம். துரியோதனன் என்றால் சிவப்பு, கிருஷ்ணன் என்றால் பச்சை அல்லது நீலம். குழுவுக்குக் குழு வித்தியாசம் உண்டு. ஆனால் யாரும் "என் தோலுக்கு எது பொருந்தும்" என்று பார்த்துப் பூசுவதில்லை. வருகிறவன் யார் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் தீவட்டி வெளிச்சத்தில் தெரியவேண்டும், அதுதான் கணக்கு. பச்சை முகத்தில் செக்கச்செவேலென்று உதடு எழுதிக் கிருஷ்ணன் வந்து நிற்கும்போது ஆழ்வார் பார்த்த அதே ஜோடிதான் சபைக்கு வருகிறது.

இந்தப் பூச்சுக்குத் தமிழில் என்ன பெயர்? அரிதாரம். பெரிப்ளஸ் பட்டியலில் பார்த்த அதே மஞ்சள் கல்லின் பெயர். சமஸ்கிருதத்தில் ஹரிதாலம், தமிழில் அரிதாரம். கல்லின் பெயரே கடைசியில் மேக்கப்புக்குப் பெயராகிவிட்டது. "அரிதாரம் பூசிய நடிகர்" என்று சினிமாப் பத்திரிகையில் எழுதும்போது நிஜத்தில் ஆர்சனிக் சல்ஃபைடைத்தான் சொல்கிறார்கள். மனோசிலையும் அதே குடும்பம்தான். மஞ்சளும் ஆரஞ்சுமான இந்தக் கற்களைக் கேரளக் கதகளியிலும் மனயோலை என்று அரைத்துப் பூசுவார்கள். அதில் நீலம் கலந்தால்தான் அந்தப் பச்சை முகம் வரும்.

ஆர்சனிக் என்றால் விஷம். ராத்திரி முழுக்க முகத்தில் பூசி, வியர்வையில் ஊறி, விடிந்ததும் எண்ணெய் போட்டுத் துடைத்த கலைஞர்கள் எத்தனை தலைமுறை! ஈய, ஆர்சனிக் சேர்மங்களை நிறத்துக்காக அழகுசாதனங்களில் சேர்க்கக் கூடாது என்று இந்திய விதிகள் இன்று தடை செய்திருக்கின்றன. மேக்கப்புக்குப் பெயர் கொடுத்த பொருளே மேக்கப்பில் இருக்கக் கூடாது என்கிறது சட்டம். நல்ல சட்டம்தான்.

கூத்தைச் சொன்னால் கூவாகத்தையும் சொல்லவேண்டும், காரணம் அரவான். உளுந்தூர்பேட்டை பக்கத்தில் இருக்கும் கூவாகம் 2019 வரை விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். சித்திரை மாதம் கூத்தாண்டவர் கோயிலில் நாடெங்கிலும் இருந்து திருநங்கைகள் வந்து தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அரவான் பலியானதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவைக்கு மாறுகிறார்கள். அதற்கு முந்தைய நாட்களில் விழுப்புரம் லாட்ஜ்கள் நிரம்பி வழியும். 'மிஸ் கூவாகம்' அழகிப் போட்டியும் விழுப்புரத்தில் நடக்கும். சித்திரை என்றால் இளவேனில் ஆயிற்றே! தமிழ்க் கணக்கில் சித்திரையும் வைகாசியும்தான் வசந்தம். ஐரோப்பாவில் வசந்தம் என்றால் பனி உருகும். விழுப்புரத்தில் வசந்தம் என்றால் மேக்கப் உருகும்.

அந்த வெயிலில் மணிக்கணக்கில் கண்ணாடி முன் உட்காருவதைப் பார்த்து ஊர் சிரிப்பதுண்டு. சிரிக்கிறவர்களுக்கு ஒன்று புரிவதில்லை. வீட்டில் ஒரு பொட்டு வைத்ததற்காக அடி வாங்கியவர்கள் அங்கே உண்டு. அவர்களுக்கு உதட்டுச் சாயம் என்பது அலங்காரத்துக்கு மேலான சமாச்சாரம். நான் யார் என்று பிறர் அறியச் செய்வது. கூத்தில் எழுதிய முகம் எதற்கோ, இதுவும் ஏறக்குறைய அதற்குத்தான். தமிழக அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது 2008-ல். மூன்றாம் பாலினத்தைச் சட்டப்படி ஏற்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2014 ஏப்ரல் 15. அதற்கெல்லாம் முன்னாலிருந்தே அந்த முகங்கள் வண்ணத்தோடு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக்கொண்டுதான் இருந்தன.

ஆக, இந்தச் சீமையில் வண்ணம் என்பது ஆளைக் காட்டுவதற்கு. 'தோலுக்குப் பொருத்தம்' என்ற பேச்சு வேறு ஒரு வழியாக வந்தது. அந்த வழி சினிமா.

மௌனப்பட காலத்து ஃபிலிமுக்குச் சிவப்பு நிறம் தெரியாது, கறுப்பாகப் பதியும். முகத்தின் சிவந்த சாயல் கூட அழுக்கு மாதிரி விழும் என்பதால் முகத்தையே ஒரே சீராக மூடிப் பூச வேண்டியிருந்தது. பிறகு ஃபிலிம் மாறியது, கலர் வந்தது. 1930-களின் கடைசியில் ஹாலிவுட்டின் மாக்ஸ் ஃபாக்டர் 'பான்கேக்' என்ற பூச்சைக் கொண்டுவந்தார். தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் தொட்டுப் பூசவேண்டும். அது சென்னை ஜெமினி ஸ்டூடியோவுக்கும் வந்தது. அங்கே வேலை பார்த்த அசோகமித்திரன் தன் ஆங்கில நினைவுக் குறிப்புகளில் அந்த மேக்கப் அறையைப் பற்றி எழுதியிருப்பது படிக்கப் படிக்கச் சிரிப்பு. லாரி லாரியாகப் பான்கேக் வந்து இறங்கியதாம், பார்க்க நன்றாக இருந்தவர்களைக் கூடச் சிவப்புப் பூதமாக்கி அனுப்பினார்களாம். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் அந்தப் பகுதி இருக்கிறது. படித்தவர்களுக்கு ஞாபகம் வரும்.

அந்தப் பான்கேக் கலர்கள் ஹாலிவுட் முகங்களுக்காகச் செய்தவை. மாநிறத் தோலில் பூசினால் சிவப்புப் பூதம்தான் வரும்! வெளியூர்க் கலரை நம்மூர் முகத்தில் பூசினால் விகாரமாக இருக்கிறது என்றால் தப்பு கலரைச் செய்தவனிடமா, முகத்திடமா? பழி விழுந்தது என்னவோ முகத்தின் மேல்.

இந்தியாவிலேயே அழகுசாதனம் செய்யவேண்டும் என்று 1952-ல் டாட்டா குழுமம் லாக்மே கம்பெனியைத் தொடங்கியது. அந்நியச் செலாவணி வெளியே போகிறதே என்று நேரு கவலைப்பட்டதுதான் அதற்குக் காரணம் என்பார்கள். பிளினியின் அதே கவலை! 1975-ல் ஹிந்துஸ்தான் லீவரின் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. வேலை கிடைக்காத பெண், மாப்பிள்ளை கிடைக்காத பெண், கிரீம் பூசியதும் வெளுத்து இரண்டும் கிடைத்த பெண் என்று நாற்பது வருஷம் ஒரே கதையை விளம்பரமாக ஓட்டினார்கள். கறுப்புக்கு ஏற்ற கலர் செய்து விற்பதை விடக் கறுப்பே குறை என்று சொல்லி ஒரே ஒரு டியூபை விற்பது சுலபம். ஸ்டாக் கணக்கில் பார்த்தால் புரியும். நாற்பது ஷேடு வைத்தால் நாற்பதும் கடை அலமாரியில் தூங்கும், முதலீடு முடங்கும். மூன்று ஷேடு வைத்து "உனக்கு இதுதான்" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அதனால்தான் 2017-ல் ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி முதல் நாளே 40 ஷேடு ஃபவுண்டேஷனோடு கடைக்கு வந்தபோது, மற்ற கம்பெனிகளும் அவசர அவசரமாக ஷேடு கூட்ட ஆரம்பித்தன. விற்காது என்று சொன்ன சரக்கு விற்றது.

சென்னையில் 2009-ல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்று ஒரு இயக்கம் தொடங்கியது. கறுப்பைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று 2014-ல் விளம்பரத் தர அமைப்பு விதி போட்டது. 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி பெயரை மாற்றி க்ளோ அண்ட் லவ்லி ஆக்கினார்கள். டியூப் அதே கலர்தான்.

பீச்சுக்கும் கோரலுக்கும் வசந்தம் என்று முத்திரை விழுந்த கதையும் இந்த வரிசையில்தான் வருகிறது. 1980-ல் அமெரிக்காவில் கரோல் ஜாக்சன் எழுதிய 'கலர் மீ பியூட்டிஃபுல்' என்ற புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. மனிதர்களை வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்காகப் பிரித்து ஆளுக்கொரு கலர் பட்டியல் கொடுத்தார். பீச், கோரல் எல்லாம் வசந்தக்காரர்களுக்கு. வசந்தக்காரர்கள் யார்? பெரும்பாலும் பொன்னிறத் தலைமுடிக்காரர்கள். கறுப்பின மக்களிலும் ஆசியர்களிலும் பெரும்பாலானவர்களைக் குளிர் என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டார். குளிர்காரர்கள் ஆரஞ்சு சாயல் பக்கமே போகக் கூடாது, நீலம் கலந்த சிவப்பும் அடர்ந்த ஒயின் கலரும்தான் அவர்களுக்கு. மெரூன் எடு என்கிற ஃபேன்சி ஸ்டோர் அண்ணனும் ஏறக்குறைய அதைத்தானே சொல்கிறார்? திருவரங்கத்துப் பெருமாள் அந்தப் புத்தகத்தைப் படித்திருந்தால் பவள வாயைத் துடைத்துவிட்டு மெரூன் பூசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மாநிறமும் கறுப்பும் உள்ளவர்கள் இந்தக் கலர்களை எப்படிப் பார்த்து எடுப்பது?

முகப்பூச்சுகள் பலவற்றில் நிறம் தருவது சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்ஸைடுகளும் வெள்ளை டைட்டானியம் டையாக்ஸைடும் கலந்த கலவைதான். பீச் என்று டப்பாவில் எழுதியிருப்பதில் பாதி ஆரஞ்சும் ரோஸும் என்றால் மீதி வெள்ளை. அந்த வெள்ளைதான் எதிரி. கறுத்த தோலின் மேல் அது சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். "எடுபடாது" என்று சொல்வது இதைத்தான், பீச் நிறத்தை அல்ல. வெள்ளை குறைவாகக் கலந்த பீச்சை எடுத்தால் போதும். டப்பாவில் பார்த்தால் அது செங்காவி மாதிரி, சுட்ட ஓடு மாதிரி பயமுறுத்தும். கன்னத்தில் போட்டுத் தேய்த்தால் கனகாம்பரமாக மாறும். வெளுத்த தோலில் பால் கலந்த பீச் செய்கிற வேலையைக் கறுத்த தோலில் அழுத்தமான ஆரஞ்சு செய்கிறது.

கோரல் லிப்ஸ்டிக் விஷயமும் இதே மாதிரிதான். நம் உதடுகள் பெரும்பாலும் ஒரே நிறமாக இருப்பதில்லை, மேலுதடு கறுத்தும் கீழுதடு சிவந்தும் இருக்கும். கண்ணாடி மாதிரி பளபளக்கிற மெல்லிய கோரல் அதில் காணாமல் போய்விடும். அடர்த்தியான, சிவப்பு தூக்கலான கோரல்தான் நிற்கும். நகைக்கடைப் பவளத்தின் நிறம் மனதில் இருந்தால் குழப்பமே வராது.

கண்ணுக்குக் கீழ் கருவளையம் உள்ளவர்களுக்கு இதே குடும்பத்து நிறம் இன்னொரு உதவி செய்யும். கருவளையத்தில் நீலச்சாயல் உண்டு. நிறச்சக்கரத்தில் நீலத்துக்கு எதிரே இருப்பது ஆரஞ்சு. மெல்லிய படலமாக ஆரஞ்சு தடவி அதன் மேல் தோல் நிறத்தைப் பூசினால் நீலம் அடங்கிவிடும். வெளுத்த தோலுக்கு இளம் பீச் போதும், நிறம் கூடக் கூட ஆரஞ்சும் கூடவேண்டும். மேக்கப் கலைஞர்கள் எல்லோருக்கும் இது பாலபாடம்.

கடையின் டியூப்லைட் வெளிச்சத்தை மட்டும் நம்பவே கூடாது. புறங்கையில் போட்டுப் பார்ப்பதும் பிரயோஜனமில்லை, கையும் முகமும் ஒரே நிறமில்லை. தாடை ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து சூரிய வெளிச்சத்தில் பாருங்கள். விழுப்புரத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. பத்து நிமிஷம் வியர்க்கவும் விடுங்கள், அதற்குப் பிறகு முகத்தில் மிச்சம் இருப்பதுதான் அந்தக் கலர்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது குங்குமம், பொட்டு, ஆல்டா, கண்மைக்கு வரி கிடையாது என்றார்கள். லிப்ஸ்டிக்குக்கு 28 சதவீதம். அதே வருஷம் நவம்பரில் அதை 18 ஆக்கினார்கள். கண்மையிலும் பென்சில் மாதிரி வருவதற்கு மட்டும் வரி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் முகப்பவுடருக்கு வரி 5 சதவீதமாகக் குறைந்தது, லிப்ஸ்டிக்குக்கு அதே 18. ஆகவே முகத்தை வெளுக்க வைக்கிற பவுடர் வாங்கினால் நூற்றுக்கு ஐந்து ரூபாய், உதட்டைப் பவளமாக்கினால் நூற்றுக்குப் பதினெட்டு ரூபாய்.